நல்ல அயல்



கொழும்பிலே வீடு தேடி அலைபவர்களைப் பலமுறை கண்டிருக்கின்றேன், நானும் அலைந்திருக்கின்றேன். அறைகள் எத்தனை, முற்பணம் எவ்வளவு, தண்ணீர் நாள் முழுவதும் வருமா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்போம். குளியலறையின் ஓடுகளைத் தட்டிப் பார்ப்போம். ஆனால் வீட்டுக்கு வெளியே வந்து, அந்த ஒழுங்கையிலே ஒரு கால்மணி நேரம் நின்று, அங்கே யார் யார் நடந்து செல்கின்றனர், யாருக்கு யார் தலையசைக்கின்றனர், சிறுவர் எங்கே விளையாடுகின்றனர் என்று பார்ப்பவர் மிகச் சிலரே. அயலைப் பற்றிக் கேட்பவரும், "அங்கே நம்மவர்கள் இருக்கின்றார்களா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். அந்தக் கேள்வியிலே நியாயம் இல்லாமலில்லை. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன். எனினும் அது போதுமான கேள்வி அன்று.

ஒரு நகரத்திலே வாழ்வதற்கு நல்ல அயல் எது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொதுப்படப் பேசினால் பொருள் நழுவிவிடும். ஆதலின் நான் நன்கறிந்த ஓரிடத்தை எடுத்துக்கொள்கின்றேன். அது வெள்ளவத்தை. அங்கேதான் பிறந்தேன், இடையிலே சில ஆண்டுகள் நீங்கலாக அங்கேதான் வாழ்கின்றேன். என் சாட்சியத்திலே பற்றும் சிறிது கலந்திருக்கும் என்பதை நேயர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நன்று.

வெள்ளவத்தையின் அமைப்பு எளியது. காலி வீதி கடலுக்குச் சமாந்தரமாகத் தெற்கு நோக்கி ஓடுகின்றது. மேற்கே புகையிரதப் பாதை. அதற்கும் அப்பால் கடல். காலி வீதியிலிருந்து இரு புறமும், சீப்பின் பற்களைப் போல, குறுகிய ஒழுங்கைகள் பிரிந்து செல்கின்றன. சிலவற்றுக்குப் பெயர் உண்டு. சிலவற்றுக்கு இலக்கம் மட்டுமே. கடற்பக்கத்து ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஐந்து நிமிட நடைதான். கடை, கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல், சந்தை, புகையிரத நிலையம், வாசிகசாலை ஆகிய அனைத்தும் நடை தூரத்திலேயே அமைந்துவிட்டன. 1942ஆம் ஆண்டிலே தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இங்கேயே நிலைகொண்டது. வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் இங்கே அறை எடுத்துத் தங்கினர். 1956ஆம் ஆண்டிலே யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர், வெள்ளிக்கிழமை மாலையில் பையுடன் கோட்டை நிலையத்துக்கு விரைவதும், திங்கட்கிழமை பனங்கட்டியும் ஒடியல்மாவும் சுமந்து திரும்புவதும் அவர்களுக்கு வழக்கமாயிற்று. ஆயினும் ஒழுங்கைகள் தமிழருக்கு மட்டும் உரியனவாய் இருக்கவில்லை. சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் எல்லோரும் கலந்தே இருந்தனர். நெசவாலைத் தொழிலாளியும் வழக்கறிஞரும் ஒரே கடையில் பாண் வாங்கினர்.

இத்தகைய கலப்பு நமக்குப் புதியதன்று. புகார் நகரை வருணிக்கும் சிலப்பதிகாரம், வணிகரும் கைவினைஞரும் பிற நாட்டாரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்தையும், பெருங்குடியினர் வாழ்ந்த பட்டினப்பாக்கத்தையும் கூறி, இரண்டுக்கும் இடையே மரங்கள் அடர்ந்த வெளியிலே நாளங்காடி இருந்தது என்கின்றது. இரு பாக்கத்தாரும் நாள்தோறும் ஒருவரையொருவர் காண்பதற்கு ஒரு பொதுவிடம் வேண்டியிருந்தது. அது நிழலுள்ள இடமாகவும் இருந்தது. நகர அமைப்பாளர்கள் இன்று பல பக்கங்களில் எழுதும் செய்தி அதிலே அடங்கியிருக்கின்றது.

என் இளமைக் காலத்து ஒழுங்கையின் முகப்பிலே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. முதலாளி வடமராட்சியைச் சேர்ந்தவர். காலை ஐந்தரை மணிக்குப் பலகைகளை எடுத்துக் கடை திறப்பார். இரவு ஒன்பதரைக்கு மூடுவார். பதினாறு மணி நேரம் ஒழுங்கையின் வாயிலிலே ஒரு மனிதர் விழித்திருந்தார் என்பது அதன் பொருள். அக்காலத்தில் இதை நான் உணரவில்லை. அவருடைய கல்லாவுக்குப் பின்னால் ஆணிகள் அறைந்த ஒரு சிறு பலகை உண்டு. அதிலே ஒழுங்கையிலுள்ள ஏழெட்டு வீடுகளின் திறப்புகள் தொங்கும். தாயார் சந்தைக்குப் போகும்போது எங்கள் திறப்பையும் அங்கே கொடுத்துச் செல்வார். பாடசாலை விட்டு வரும் நான் வாங்கிக்கொள்வேன். எந்த வீட்டார் எப்போது வெளியே போனார், எப்போது திரும்பினார் என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசியதை நான் கேட்டதில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், 1961ஆம் ஆண்டிலே ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது வியந்தேன். அவர் பட்டம் பெற்ற நகர அமைப்பாளர் அல்லர், பத்திரிகை எழுத்தாளர். நியூயோர்க் நகரிலே தாம் வாழ்ந்த ஹட்சன் தெருவைத் தமது வீட்டுச் சன்னலிலிருந்து கூர்ந்து நோக்கியவர். அந்தத் தெருவிலும் வீட்டுத் திறப்புகளைக் கடைக்காரரிடம் கொடுத்து வைக்கும் வழக்கம் இருந்ததாம். திறப்பை நம்பிக் கொடுக்கக்கூடியவராகவும், அதே வேளையில் நம் சொந்த விடயங்களிலே தலையிடாதவராகவும் ஒருவர் இருத்தல் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த உறவே நகரத்து அயலின் உயிர் என்று அவர் எழுதினார். தெருவைக் காப்பது முதலிலே காவற்படை அன்று, தெருவின் மீது இருக்கும் கண்களே என்பதும் அவருடைய கருத்து. கண்கள் இருக்கவேண்டுமாயின், மனிதர் தெருவுக்கு வருவதற்குப் பல காரணங்கள் இருக்கவேண்டும். வீடு மட்டும் உள்ள தெரு பகலில் வெறிச்சோடும். அலுவலகம் மட்டும் உள்ள தெரு இரவில் வெறிச்சோடும். இரண்டும் கலந்து, கடையும் கலந்து, புதிய கட்டடங்களோடு குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பழைய கட்டடங்களும் கலந்து, தெருக்கள் குறுகியனவாய் அடிக்கடி திரும்பக்கூடியனவாய் இருப்பின், ஆள் நடமாட்டம் தானே உண்டாகும் என்றார். வெள்ளவத்தையை அவர் கண்டதில்லை. கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

இனி, பின்னர்ச் சொல்வேன் என்றதைச் சொல்லவேண்டும். 1983ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆந் திகதி எனக்குப் பதின்மூன்று வயது. அன்று வெள்ளவத்தையில் நிகழ்ந்தவற்றை நேயர்களுள் பலர் அறிவர், சிலர் கண்டிருப்பர். எங்கள் ஒழுங்கை முகப்பிலிருந்த கடை எரிந்தது. திறப்புகள் தொங்கிய பலகையும் அதனோடு எரிந்திருக்கும். எதிர்வீட்டிலே வாழ்ந்த சிங்கள அம்மையார், எங்கள் குடும்பத்தார் ஐவரையும் தமது பின்னறையிலே வைத்துப் பூட்டி, வாயிலிலே தாமே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். தேடி வந்தவர்களுக்கு அவர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. குரல் உயர்ந்தது மட்டும் கேட்டது. இரண்டு இரவுகள் அங்கே இருந்தோம். பின்னர் அகதி முகாம். அதன்பின் கப்பலிலே காங்கேசன்துறை.

நல்ல அயல் என்று பேசும்போது இந்த நிகழ்ச்சியை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எங்களைக் காத்தவர் எங்களை அறிந்தவர். ஆனால் எங்கள் வீட்டு இலக்கத்தைக் கையிலே வைத்துக்கொண்டு வந்தவர்களும் ஏதோ ஒரு வகையில் எங்களை "அறிந்தே" வந்தனர். கலந்து வாழ்ந்தால் மட்டும் தீங்கு நேராது என்று சொல்ல என்னால் முடியாது. கடையும் நடைபாதையும் நிழல்மரமும் ஓர் அரசியலைத் தடுத்துவிடமாட்டா. ஆயினும் எதிர்வீட்டு அம்மையார் எங்களுக்கு உறவினர் அல்லர்; நெருங்கிய நண்பரும் அல்லர். பதினைந்து ஆண்டுகள் ஒரே ஒழுங்கையிலே பாண் வாங்கியவர், வெசாக் நாளிலே கூடு கட்ட எங்களை அழைத்தவர், தீபாவளிப் பலகாரத்தை வாங்கிக்கொண்டவர், அவ்வளவுதான். அந்த அவ்வளவே அன்று போதுமானதாயிற்று. அதனாலேயே அதனைச் சிறிதென்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

சில மாதங்களின் பின் தந்தையார் வேலைக்குத் திரும்பினார். வீடு சூறையாடப்பட்டிருந்தது, ஆனால் விறாந்தை பெருக்கப்பட்டு, வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கற் தகரத்திலே சேர்த்து வைக்கப்பட்டிருந்தனவாம். முதலாளி திரும்பி வரவேயில்லை. 1990களிலே நான் ஆசிரியனாகக் கொழும்புக்கு வந்தபோது, அந்த ஒழுங்கையிலே முதலாவது தொடர்மாடி எழுந்துகொண்டிருந்தது.

அதன் பின்னர் அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து போரினால் பெயர்ந்தோர் கொழும்பிலே இடம் தேடினர். வெளிநாடு சென்ற பிள்ளைகள் பெற்றோருக்காகப் பணம் அனுப்பினர். வீட்டின் தேவை பெருகியது, நிலமோ பெருகவில்லை. ஆதலின் தொடர்மாடிகளை நான் குறை கூறுவதற்கில்லை. நானும் இன்று ஒன்றின் நான்காம் மாடியிலே வாழ்கின்றேன். காற்றும் வெளிச்சமும் நன்று, வெள்ளம் வருவதில்லை, கதவைச் சாத்தினால் அமைதி. கைம்பெண்ணாகித் தனித்து வாழும் ஓர் ஆசிரியை என்னிடம் ஒருமுறை, "சேர், ஒழுங்கை வீட்டிலே நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று எல்லோரும் கணக்கெடுத்தார்கள். இங்கேதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்" என்றார். அதிலுள்ள உண்மையை மறுப்பவன் பழைய ஒழுங்கையிலே பெண்ணாக வாழ்ந்திராதவன். என் முதலாளியைப் போல எல்லா அயலாரும் வாயடக்கம் உடையவர்களாய் இருப்பதில்லை.

என் குறை உயரத்தைப் பற்றியதன்று, கீழ்த்தளத்தைப் பற்றியது. இந்தக் கட்டடங்களுட் பலவற்றின் கீழ்த்தளம் முழுவதும் வாகனத் தரிப்பிடம். தெருவை நோக்கி எட்டு அடிச் சுவர், இரும்புக் கதவு, ஒரு காவலாளி. நான்கு வீடுகளின் விறாந்தைகளும் ஒரு கடையும் இருந்த இடத்திலே, நூறு அடி நீளத்துக்கு வெறுஞ்சுவர் நிற்கின்றது. ஐம்பது குடும்பங்கள் மேலே வாழ்கின்றன. தெருவின் மீது ஒரு கண்ணும் இல்லை.

இதன் விளைவை என் பெரியம்மாவின் கதையினாற் கூறலாம். அவர் பக்கத்து ஒழுங்கையிலே தனியே வாழ்ந்தார். பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும். ஒருநாட் காலை அவர் பாண் வாங்க வெளியே வரவில்லை. முச்சக்கர வண்டியிலே பாண் கொண்டுவருபவர் இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டுப் பக்கத்து வீட்டாரை அழைத்தார். காய்ச்சலிலே மயங்கிக் கிடந்தவரை அரைமணி நேரத்தில் வைத்தியசாலையிலே சேர்த்தனர். சில ஆண்டுகளின் பின் அந்தக் காணியிலே மாடி எழுந்தது. பெரியம்மாவுக்கு ஏழாம் மாடியிலே அழகிய வீடு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, காலை ஏழு மணி முதல் மாலை நான்கு மணி வரை அங்கேயே கிடந்தார். இலண்டனிலிருந்து மகன் எடுத்த தொலைபேசிக்குப் பதில் இல்லாமையால், அவர் என்னை அழைக்க, நான் ஓடினேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த மகனுக்குத் தெரிந்தது, சுவருக்கு அப்பால் இருந்தவருக்குத் தெரியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரியம்மா நாள்தோறும் என்ன செய்வார் என்பதைக் காணும் வாய்ப்பே அவர்களுக்கு அமையவில்லை.

அடுத்ததாக வாகனங்கள். 1960களின் இறுதியிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் டொனால்ட் அப்பிள்யார்ட் என்ற பேராசிரியர் ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ள மூன்று தெருக்களை ஆராய்ந்தார். ஒன்றிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள் சென்றன, மற்றொன்றிலே 8,000, மூன்றாவதில் 16,000. வாகனம் குறைந்த தெருவிலே வாழ்ந்தவர் ஒருவருக்கு அத்தெருவில் சராசரி மூன்று நண்பர்களும் ஆறுக்கு மேற்பட்ட அறிமுகமானவர்களும் இருந்தனர். வாகனம் மிகுந்த தெருவிலோ ஒரு நண்பர்கூட முழுமையாக இல்லை, அறிமுகமானவர் மூவர். எதுவரை உங்கள் வீடு என்று கேட்டபோது, முதலாந் தெருவினர் தெரு முழுவதையும் காட்டினர். மூன்றாந் தெருவினர் தம் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டனர். அந்தப் பேராசிரியரே 1982ஆம் ஆண்டிலே ஏதென்ஸ் நகரில் விரைந்து வந்த கார் ஒன்று மோதி இறந்தார்.

எங்கள் கடற்பக்கத்து ஒழுங்கைகள் முன்னர்ப் புகையிரதப் பாதையோடு முடிந்தன. அங்கே வாழாதவர் உள்ளே வருவதற்குக் காரணம் இல்லை. ஆதலினாலே மாலையில் கிரிக்கெட் விளையாடினோம். விக்கெட்டாக ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். கரையோரமாக மரைன் டிரைவ் அமைந்த பின்னர், காலி வீதியின் நெரிசலுக்கு அது பெரும் ஆறுதலாயிற்று. மாலையிலே கடற்காற்று வாங்க நடப்போருக்கும் இடம் கிடைத்தது. அந்த நன்மையை மறக்கலாகாது. ஆனால் ஒழுங்கைகள் இரண்டு பெருவீதிகளை இணைக்கும் குறுக்குவழிகளாயின. தகரத்தை எடுத்துவிட்டோம்.

ஆறாந் தர மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் ஒரு சிறு பயிற்சி கொடுப்பதுண்டு. "வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியைப் படமாக வரையுங்கள்" என்பேன். நடந்து வரும் பிள்ளைகளின் படம் நிறைந்திருக்கும். வேப்பமரம், மூன்று கால் நாய், கோயிற் கோபுரம், சைக்கிள் திருத்துபவர், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் குழி. ஒரு சிறுமி, தனக்கு எந்நாளும் கை காட்டும் ஒரு கிழவரைச் சன்னலோடு வரைந்திருந்தாள். வான் வண்டியிலே வரும் பிள்ளைகளின் படத்தில் ஒரு பெட்டி வீடு. மற்றொரு பெட்டி பாடசாலை. நடுவே ஒரு கோடு. அந்தப் பிள்ளைகளிடம் அறிவுக் குறைவு இல்லை. அவர்களுட் சிலர் வகுப்பிலே முதல்வர்கள். ஆயினும் ஒரு கிலோமீற்றர் தூரத்திலே தம் பெயர் அறிந்த ஒருவரும் அவர்களுக்கு இல்லை. 2022ஆம் ஆண்டிலே எரிபொருட் தட்டுப்பாட்டினால் வான்கள் ஓடாது நின்று, பாடசாலைகள் மூடுண்டு, பின்னர் வாரத்துக்கு மூன்று நாட்கள் நடந்தபோது, அயலிலிருந்து நடந்தே வந்த பிள்ளைகளின் இடாப்பிலே வெற்றிடம் குறைவாக இருந்தது. வான் பிள்ளைகளுட் சிலரும் அவர்களோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினர். எரிபொருள் வந்ததும் வான்களும் வந்துவிட்டன. அந்த நடை நின்றுவிட்டது.

இன்னொரு பெற்றோரின் கதையையும் சொல்லவேண்டும். மத்திய கொழும்பிலே தோட்டம் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்பில் வாழ்ந்த ஒரு தாயார், தம் வாயிற்படியிலேயே இடியப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தார். அங்கே கூரை ஒழுகியது. மலசலகூடம் பலருக்கும் பொது. பன்னிரண்டாம் மாடியிலே அவருக்கு வீடு வழங்கப்பட்டது. குழாய்நீரும் தனி மலசலகூடமும் கிடைத்தன; அதற்கு அவர் நன்றி மறக்கவில்லை. ஆனால் வழிப்போக்கர் பன்னிரண்டாம் மாடிக்கு இடியப்பம் வாங்க வருவாரா? வருமானம் நின்றது, பிள்ளையின் வரவும் குறைந்தது. அப்போதுதான் நான் விசாரித்து அறிந்தேன். வீட்டை அளந்தவர்கள் வாயிற்படியை அளக்க மறந்துவிட்டனர்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை அறிந்த ஒருவர் நம் நாட்டுக்கு வந்திருக்கின்றார். ஸ்கொத்லாந்து தேசத்துப் பற்றிக் கெடிஸ் உயிரியல் அறிஞர்; நகரமும் ஓர் உயிர் என்று கருதியவர். 1915ஆம் ஆண்டளவிலே சென்னை மாகாணத்து நகரங்களை நடந்தே ஆராய்ந்தார். அடர்ந்த பழைய குடியிருப்புகளின் ஊடாக நேரான அகன்ற வீதிகளை வெட்டி வீடுகளை வாரிக் கொட்டும் முறையை அவர் கண்டித்தார். இடிந்துபோன சில வீடுகளை மட்டும் அகற்றி, அந்த வெற்றிடத்தைச் சிறு முற்றமாக்கி, ஒரு மரத்தை நட்டு, எஞ்சியவற்றைத் திருத்துங்கள் என்றார். நோயாளியைக் கொல்லாத சத்திரசிகிச்சை எனலாம். 1921ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் அவர் ஓர் அறிக்கை எழுதினார். இந்நகரை ஒரு பூங்கா நகராக வளர்க்கலாம் என்று கருதினார். கொழும்பின் பெருமரங்களின் நிழலிலே நடக்கும்போது அவரை நினைப்பேன்; வெள்ளவத்தையிலே அந்த நிழல் அரிது என்பதையும் நினைப்பேன்.

நேரம் நெருங்குகின்றது. எங்கள் தொடர்மாடியின் முன்சுவரைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். அதிலே இருபது அடியை இடித்து, இரண்டு வாகனத் தரிப்பிடங்களை விட்டுக்கொடுத்து, தெருவை நோக்கி ஒரு சிறு கடையும், நிழலுக்கு ஒரு வேம்பும், முதியோர் அமர ஒரு சீமெந்து இருக்கையும் அமைக்கலாம் என்று மூன்றாம் மாடி இளைஞர் ஒருவர் எழுத்திலே கோரியிருக்கின்றார். கள்வருக்குக் கதவு திறப்பதாகும் என்பது ஒரு சாராரின் அச்சம். தரிப்பிடத்தை இழக்கும் இருவரின் கோபமும் நியாயமானதே. அந்த இருவருள் ஒருவன் நான். கட்டடக் குழு எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகின்றது. என் கையை எந்தப் பக்கம் உயர்த்துவேன் என்பதை எங்கள் மாடியிலே வானொலி கேட்பவர்கள் இப்பொழுது அறிந்திருப்பர். கார் எங்கே நிற்கும் என்பதை மட்டும் என் மனைவியாருக்கு இன்னும் நான் சொல்லவில்லை.